ஏழுமடை மாலில் கழற்றிய செருப்பு

செண்பகவடிவு, பொன்னுரங்கம் மாலின் வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவளுக்கு நேர் எதிரே ‘செருப்புடன் உள்ளே வரலாம்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பலகைக்குக் கீழேயே ஊர்ப்பட்ட செருப்புகள் வரிசை கட்டிக் கிடந்ததைப் பார்த்து, அசலூருக்குப் போனால் அந்த ஊர்க்காரர்கள் செய்கிறதைச் செய்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்று நினைத்து, தன் பழுப்புச் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் குளுகுளுவென்றிருந்த தரையில் வெறுங்காலை வைத்தாள். திருப்பூரில் விடிகாலையில் கிளம்பி, பஸ் மாறி, ஏழுமடையில் இறங்கியிருந்தாள். முத்துலிங்காபுரத்துக்குப் போகிற பஸ் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று மணிக்கு, அதை விட்டால் மறுநாள் காலையில்தான் என்று சொல்லியிருந்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் மகளுக்கு ஒரு கவுன் எடுத்துவிடலாம் என்றுதான் உள்ளே வந்தாள்.

மகள் கனிஷ்காவுக்கு ஒன்பது வயது. புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம், ஆறு வயதுப் பிள்ளையை முத்துலிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் ராமத்தாயிடம் விட்டுவிட்டு, ஒரே வருஷத்தில் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள் வடிவு. ஒரு வருஷம் மூன்றாகிவிட்டது. இப்போது தனி வீடு பிடித்தாயிற்று, பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வாங்கியாயிற்று, ஜன்னலோரம் பிள்ளைக்கென்று ஒரு கட்டிலும் போட்டாயிற்று. எல்லாம் ஆகியும், இதற்கு முன்னால் இரண்டு தடவை இதே மாதிரி கிளம்பி, இதே ஏழுமடை வரைக்கும் வந்து, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறாள். முதல் பொங்கலுக்குப் போனபோது பிள்ளை இவளைப் பார்த்து அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயந்தான். ‘என்கூட வர்றியா?’ என்று கேட்டு, பிள்ளை ‘வரலை’ என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்டுவிட்டு எப்படி உயிரோடு திரும்புவது?

ராமத்தாய் கெட்டவள் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்ததில் அவளும் ஒட்டிப்போயிருந்தாள், அவ்வளவுதான். போன வாரம் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: “ஞாயித்துக்கெழம வா வடிவு. அவகிட்டயே கேளு. வர்றேன்னா கூட்டிட்டுப் போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா இந்தத் தடவையும் வர்றேன் வர்றேன்னுட்டு வராம இருந்தேன்னா, இனிமே கேக்காத. தெனமும் வாசலப் பாத்துப் பாத்து அந்தப் பிள்ளைக்குக் கண்ணு பூத்துப் போகுது.”

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை என்ன ஆனாலும் திரும்புவதில்லை என்று வடிவு பஸ்ஸில் வரும்போதே நூறு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆனால் செருப்பைக் கழற்றிய இடம் ஏழுமடை.

அந்த மாலில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு தளம், ஒரே ஒரு நகரும் படிக்கட்டு, அதுவும் மேலே மட்டுந்தான் போகும், இறங்குகிறவர்கள் பக்கத்துச் சிமெண்டுப் படியில் இறங்கிக்கொள்ள வேண்டும். கீழே கவரிங் நகைக்கடை, பிள்ளைகள் துணிக்கடை, செல்போன் கடை, செருப்புக்கடை. மேலே பரோட்டாவும் லெமன் சாதமும், காசு போட்டால் குலுங்குகிற ஒரு பிளாஸ்டிக் யானையும். மால் திறந்த அன்று வாசலடைக்கக் கோலம் போட்டு உள்ளே கணபதி ஹோமம் வளர்த்திருந்ததால், முதலில் வந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள், பின்னால் வந்தவர்கள் முன்னால் வந்தவர்களின் செருப்பைப் பார்த்துக் கழற்றினார்கள், ஹோமப் புகை அடங்கின பிறகும் முகம் தெரிகிற மாதிரி பளபளத்த தரையில் தெருப்புழுதியோடு கால் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. முதலாளி பொன்னுரங்கம் பதறிப்போய் அந்தப் பலகையை எழுதி மாட்டினார். ஊரோ அதை, வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து ‘அட, பரவாயில்லை, செருப்போடயே வாங்க’ என்று சொல்கிற உபசாரமாக எடுத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய மனுஷன் இவ்வளவு தன்மையாகச் சொல்லும்போது அப்படியே நுழைந்தால் நாமெல்லாம் மனுஷர்களா என்று, அதுவரைக்கும் கழற்றாதவர்கள்கூட அன்றிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்கள்.

அப்படி வருஷக்கணக்கில் வாசலில் காத்துக்கிடந்து சலித்துப்போன செருப்புகள், ஒரு ஆடி மாதத்தில், தள்ளுபடிக் கூட்டம் நெரிந்த ஒரு மத்தியானத்தில், நடக்க ஆரம்பித்தன. உடையவர் உள்ளே பேரம் பேசிக்கொண்டிருக்க, அவர் மனசு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாகச் செருப்பு ஜோடியாகக் கிளம்பி, இடதும் வலதும் மாறி மாறி எட்டு வைத்து, ரோட்டோரமாகவே போய், பஸ் வந்தால் நின்று, போன பிறகு கடந்து, சேர வேண்டிய வாசலில் போய் அடக்கமாக நின்றது. முதலில் திருட்டு என்றுதான் நினைத்தார்கள். வாசலில் கேமரா வைத்துப் பார்த்ததில் செருப்பு தானாகவே நடந்து போவது தெளிவாகத் தெரிந்தது. திருடன் யாரும் இல்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று.

அதற்கப்புறம் ஏழுமடை அதை வைத்துக்கொண்டு பிழைக்கப் பழகிவிட்டது. அரிசி மண்டி வேலுச்சாமி பாகத்தகராறில் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர், அவருடைய தோல் செருப்பு நேராகத் தம்பி வீட்டு வாசலில் போய் நிற்க, அதை எடுக்கப்போன இடத்தில் தம்பி பெண்டாட்டி காப்பியை நீட்ட, மறுக்க முடியாமல் வாங்கிக் குடித்து, அதோடு கோர்ட்டு வழக்கு தீர்ந்தது. பரோட்டா மாஸ்டரின் செருப்பு தொடர்ந்து ஒரே தையற்கடை வாசலில் போய் நின்றதில் அவர் வீட்டில் ஒரு மாதம் அடுப்பு எரியவில்லை. பெண் பார்க்கிறவர்கள் பஜ்ஜி சொஜ்ஜியை விட்டுவிட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் மாலுக்குக் கூட்டிவந்தார்கள். இரண்டு ஜோடியும் ஒரே பக்கம் திரும்பினால் அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள். செருப்பு அசையாமல் கிடந்த புருஷன்மார்களைப் பார்த்து இவர் நிறைந்த மனசுக்காரரா இல்லை மனசே இல்லாதவரா என்று பெண்கள் குழாயடியில் விவாதித்தார்கள். சிலர் பயந்துபோய்ச் செருப்பைத் தூணில் கயிறு போட்டுக் கட்டிவைத்தார்கள். அதுகள் சாயங்காலம் வரைக்கும் இழுத்து இழுத்து முண்டியதைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். கடைசியில், செருப்பு ஒரு பக்கம் போய்விட்டதென்றால் ஆளும் அந்தப் பக்கந்தான் போக வேண்டும், வேறு பக்கம் போனால் விளங்காது என்று ஊர் தீர்மானத்துக்கு வந்துவிட்டது. தீர்ப்புச் சொல்வதில் அந்த ஊருக்கு அப்படி ஒரு பிரியம். வெளியூர்க்காரர்களிடம் மட்டும் யாரும் இதையெல்லாம் சொல்வதில்லை. மறைக்க வேண்டுமென்று இல்லை, ஊருக்கே தெரிந்ததைப் போய் எப்படிச் சொல்வது என்றுதான்.

வடிவு துணிக்கடையில் நின்றாள். கடைக்காரர் தாவூது, தாடியைத் தடவிக்கொண்டே, “பிள்ளைக்கு என்ன சைஸும்மா?” என்று கேட்டார். அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினாள். பிறகு யோசித்துக் கையை இன்னும் உயர்த்தினாள். பிறகு கொஞ்சம் இறக்கினாள். பெற்ற பிள்ளையின் உயரம் தெரியாமல் அந்தக் கை அந்தரத்தில் நின்றபோது அவளுக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது.

“ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்கங்க தங்கச்சி. பிள்ளைங்க நாம பாக்காத நேரத்துலதான் வளரும்” என்று தாவூது சாதாரணமாகச் சொல்லி, மஞ்சளில் வெள்ளைப் பூப்போட்ட ஒரு கவுனை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

வாசலுக்கு வந்தால் செருப்பைக் காணோம்.

அங்கே காவலுக்கு இருந்த சீனியம்மா, சேலைக்கு மேலே காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக, ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இங்கன விட்ட செருப்பக் காணோமே.”

“பழுப்புக் கலரு, வார் தேஞ்சது, அதுதான? அது அப்பவே கெளம்பிருச்சே தாயி. வடக்க, திருப்பூர் ரோட்டுல போச்சு. நல்ல வேகம். இந்நேரம் ரயில்வே கேட்டத் தாண்டியிருக்கும்.”

“கெளம்பிருச்சுன்னா? யாரு எடுத்துட்டுப் போனா?”

“யாரு எடுப்பா? அதுவாத்தான் போச்சு” என்று தொடங்கி, மாலில் செருப்புகள் போகிற விவரத்தையெல்லாம், பஸ் டைம் சொல்கிற மாதிரி சீனியம்மா சொல்லி முடித்தாள். “நீங்க எங்க போகணும்?”

“முத்துலிங்காபுரம்.”

“அது தெக்கல்ல இருக்கு!” சீனியம்மா வெற்றிலையை மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். “அப்பச் சரியில்லையே தாயி. உங்க மனசுக்கு அங்க போகப் பிடிக்கல.”

வடிவுக்கு ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. முன்பு இரண்டு தடவை அவள் செய்ததையே இந்தச் செருப்பும் செய்திருக்கிறது. அவளைக் கேட்டுவிட்டுக்கூடப் போகவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போக உன் மனசுக்குப் பிடிக்கவில்லை என்று, பஸ் ஸ்டாண்டைத் தவிர வேறெதுவும் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று முகம் சிவந்துபோயிற்று.

அதற்குள் ஆள் கூடிவிட்டது. ஒரு செருப்பு ஒரு பக்கமும் உடையவள் மறுபக்கமும் போகப் பார்க்கிறாள் என்றால் ஏழுமடையில் யார்தான் உள்ளே நிற்பார்கள்? வேலுச்சாமி முன்னால் வந்து, “என்னயப் பாரும்மா. செருப்பு போன பக்கம் போனேன், குடும்பம் ஒண்ணாச்சு. வீம்பு பண்ணாதம்மா” என்றார். பரோட்டா மாஸ்டர்கூடத் தயங்கித் தயங்கி, “எனக்குக் கஷ்டந்தான் வந்துச்சு, ஆனா அது சொன்னது பொய்யில்லக்கா” என்றார். தாவூது கடையை விட்டு வந்து, ரொம்ப மெதுவாக, “மனசில்லாத பயணம் எதுக்கு தங்கச்சி? அந்தச் சட்டைய வேணும்னா நான் திருப்பி எடுத்துக்கறேன்” என்று கையை நீட்டினார். வடிவு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“வேற செருப்பு வாங்கிக்கறேன்” என்றாள்.

“புதுசும் பழசு போன பக்கந்தான் இழுக்கும்” என்றாள் சீனியம்மா. “அடுத்தவங்க செருப்பக் குடுக்கலாம்னாலும், அது அவுக போக நெனச்ச எடத்துக்குக் கொண்டுபோய் விட்டுரும்.”

வடிவு கேட்கவில்லை. செருப்புக்கடையில் ஒரு நீல ரப்பர் செருப்பு வாங்கி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் மாட்டிக்கொண்டு, தெற்கே பார்த்து எட்டு வைத்தாள். இரண்டு செருப்பும் ஒன்றுபோல வடக்கே திரும்பின. கணுக்கால் முறுகி, முழங்கால் தரையில் மோதி, அத்தனை பேர் முன்னாலும் அவள் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றி எறிந்தாள். அவை மல்லாந்து விழுந்து, தாமாகப் புரண்டு எழுந்து, விலைச்சீட்டு ஆட ஆட, பழுப்புச் செருப்பு போன வழியே கிளம்பிவிட்டன.

கூட்டம் ‘ச்சு’ கொட்டியது. மாலின் கடிகாரத்தில் இரண்டரை மணி. எழுந்து வடக்கே போனால் இரண்டு ஜோடியையும் பிடித்துவிடலாம், திருப்பூர் பஸ்ஸிலும் ஏறிவிடலாம், இதுவும் பாதியில் திரும்பிப் போன மூன்றாவது தடவையாகிவிடும். அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“அது சொல்றது நெசந்தான்க்கா” என்றாள் சீனியம்மாவிடம். “எனக்குப் பயமாத்தான் இருக்கு. திரும்பிப் போயிரு திரும்பிப் போயிருன்னு இந்த நிமிஷமும் உள்ளுக்குள்ள அடிச்சுக்குது. அடிச்சுக்கட்டும். மனசு ஓடுனா நானும் பின்னாலயே ஓடணுமா? பெத்தவ நான். எம்பிள்ள வரமாட்டேன்னு சொல்றதா இருந்தாலும் எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். நான் போறேன்.”

செருப்பு பொய் சொல்கிறது என்று கத்தியவர்களை ஏழுமடை பார்த்திருக்கிறது. அழுதுகொண்டே பின்னால் ஓடியவர்களையும் பார்த்திருக்கிறது. செருப்பு சொன்னதை ஒத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்த ஒருத்தியை அது அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

பழைய பஸ் ஸ்டாண்டு கடைத்தெருவின் அந்தக் கோடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்பதால் ஆட்டோ நுழையாது. சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. வடிவு அதில் காலை வைத்தாள், சுரீரென்று உச்சந்தலை வரைக்கும் ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காலை வைத்தாள். பந்தல் நிழல் இருந்த இடத்தில்கூட நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவோம் என்று அவளுக்கே தெரியும்.

சீனியம்மாவுக்கு என்ன தோன்றியதோ, மாலின் குடிதண்ணீர் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்து, அவளுக்கு முன்னால் ரோட்டில் ஊற்றினாள். மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து வருகிறவர்களுக்குத் தெருவில் தண்ணீர் ஊற்றுகிறதுதானே வழக்கம், அந்தக் கை அதுவாகவே ஊற்றியது. கேன் தீர்ந்த இடத்தில் தாவூது வாளியோடு நின்றார். அதற்கப்பால் பரோட்டா மாஸ்டர் ஒரு குடத்தோடு வந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் போகாதே என்று தடுத்த வேலுச்சாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தைக்காரர்களை ‘வழி விடுங்கப்பா, வழி விடுங்கப்பா’ என்று விலக்கிக்கொண்டே முன்னால் போனார். விவரம் தெரியாத காய்கறிக்காரிகள்கூட, யாரோ நேர்த்திக்கடன் செலுத்துகிறாள் போலிருக்கிறது என்று, கீரைக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அவள் காலில் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போவதற்குள் வடிவு அதில் கால் வைத்துக் கால் எடுத்துப் போனாள். நன்றி சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள். மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது ஏறி உட்கார்ந்தாள்.

முத்துலிங்காபுரத்தில் இறங்கியபோது உள்ளங்காலில் கொப்புளம் கண்டிருந்தது. ராமத்தாய் வாசல்படியில் உட்கார்ந்து முறத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

“வந்துட்டியா” என்றாள். சந்தோஷமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல், ரெண்டும் கலந்த ஒரு குரல். பிறகு உள்ளே திரும்பி, “ஏ கனிஷ்கா, ஒங்கம்மா வந்திருக்கா” என்று கூப்பிட்டாள்.

பிள்ளை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வடிவு கடையில் கையால் காட்டிய உயரத்துக்கெல்லாம் மேலே வளர்ந்திருந்தது. கண் மட்டும் அதே கண். வடிவு கேட்டுவிட்டாள்.

“கனி, அம்மாகூட வர்றியா?”

பிள்ளை அத்தையைப் பார்த்தது. பிறகு அம்மாவின் காலைப் பார்த்தது. தாரும் புழுதியும் அப்பி, ஓரமெல்லாம் வெந்து சிவந்திருந்த காலை ரொம்ப நேரம் பார்த்தது.

“ஏழுமடை மாலுக்குப் போனியா?”

“போனேன்.”

“செருப்பு எந்தப் பக்கம் போச்சு?”

சுற்றுவட்டாரத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ராமத்தாய் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வடிவைப் பார்த்தாள். தெற்கே போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வடிவுக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“வடக்க போச்சு” என்றாள். “திருப்பூருக்கு. நீ வரமாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயம்.”

“அப்பறம் நீ எப்படி வந்தே?”

“நடந்து வந்தேன்.”

பிள்ளை சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று வடிவு நினைத்தாள். இத்தனை நாள் எந்தச் சொல்லுக்குப் பயந்தாளோ அந்தச் சொல்லைக்கூடச் சொல்லாமல் போய்விட்டது. ஆனாலும் அவள் நகரவில்லை, சுட்ட காலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே தகரப்பெட்டி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

கனிஷ்கா பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, புளி ஒட்டிய அந்தக் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். ராமத்தாய் பிள்ளையின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பிறகு பிள்ளை படியிறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். மற்றொரு கையில் தன் செருப்பை, வாரோடு வார் சேர்த்து, இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“போட்டுக்கோ கண்ணு, தரை சுடும்” என்றாள் வடிவு.

“வேண்டாம்மா” என்றாள் கனிஷ்கா. “ஏழுமடை வழியாத்தான போகணும். இது எந்தப் பக்கம் போகும்னு எனக்குத் தெரியல. நான் உங்கூட வர்றேன்.”